கீழ் டிவிஷனுக்கு இறங்கிப் போய்க் கேட்டேன்

என் மகனுக்கு,

சுகம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும். ஆனால் நீ சாப்பிட்டாயா, இங்கிலாந்தில் குளிர் எப்படி என்பதெல்லாம் உன் பெண்சாதி தர்ஷினி வழியாக எனக்குத் தெரிந்துவிடுகிறது. நான் கொழுந்து பறிக்கப் போயிருக்கும் நேரம் பார்த்து நீ அவளுக்குப் போன் எடுக்கிறாய் என்பதும் தெரியும். நான் எடுத்தால் மட்டும் மணி அடித்து அடித்து ஓய்கிறது. "அம்மா, நீங்க கீழ போய்க் கெஞ்சினீங்கன்னா இனிமே என்கிட்ட பேச வேணாம்" என்று சொல்லி வைத்தாயே, அன்றிலிருந்து இதுதான் நம் உறவு. ஆகவே எழுதுகிறேன். தர்ஷினி இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவாள். போனை எடுக்காமல் உன்னால் இருக்க முடியும். பெற்றவள் கையெழுத்தைக் கண்டால் வாசிக்காமல் இருக்க முடியாது. இதை லயத்து வீடுகளில் வேறு யார் வாசித்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. ஒளிக்க வேண்டிய சங்கதி இதில் எதுவும் கிடையாது.

போனேன், மகனே. போன ஞாயிற்றுக்கிழமை தர்ஷினியையும் நம் தோட்டத்து மேல் டிவிஷன் பொம்பளைகள் சில பேரையும் கூட்டிக்கொண்டு கீழ் டிவிஷனுக்கு இறங்கிப் போனேன். எங்களை மறுபடியும் கொழுந்து விற்கிற கூட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வாயைத் திறந்து கேட்டேன். அதற்கு அவர்கள் சொன்ன பதிலில் உனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன். ஆனால் அதை மட்டும் சொன்னால் நீ உடனே எகிறுவாய். நான் ஏன் போனேன் என்பதை முதலிலிருந்து சொல்ல விடு. தூரத்தில் இருந்து நினைக்கும்போது எந்தக் கதையும் நமக்குப் பிடித்த மாதிரி மாறிவிடுகிறது. எனக்கும் அப்படித்தான், உனக்கும் அப்படித்தான்.

கம்பனி கவனிக்காமல் விட்ட தேயிலை மலையைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்து, நீங்களே பார்த்து, நீங்களே பறித்து விற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னபோது, நமக்குக் கொழுந்தை எங்கே விற்பது என்றுகூடத் தெரியாது. கீழ் டிவிஷன் ஆட்களும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிராமத்துச் சிங்கள ஆட்களும் ஏற்கெனவே சேர்ந்து ஒரு கூட்டு வைத்திருந்தார்கள். நாமும் போய்ச் சேர்ந்தோம். ஒரே லொறி, ஒரே தராசு, மூன்று இடத்துக் கொழுந்துக்கும் ஒரே விலை. மழைக்கு முன்னால் மூன்று இடத்து ஆட்களும் மண்வெட்டி தூக்கிக்கொண்டு வந்து சிரமதானம் செய்து ரோட்டைச் சரிப்படுத்துவார்கள். கூட்டுக்குத் தலைவர் உன் மாமனார். அப்போது அவர் உனக்கு மாமனார் இல்லை. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசைப் பார்த்துக்கொண்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள், அவ்வளவுதான். அந்த மடுவத்தில்தான் நீ தர்ஷினியைப் பார்த்தாய். சாக்குத் தூக்கப் போகிறேன் என்று நீ கிளம்பும்போதே எனக்குத் தெரியும், நம் வீட்டு ஆம்பளைகள் தானாகப் போய்ச் சாக்குத் தூக்குகிற வம்சம் கிடையாது.

அந்தக் கூட்டில் நமக்கென்று ஒரு சலுகை இருந்தது. நாம் தூரத்திலிருந்து இறங்கி வருகிறவர்கள், திரும்ப ஏற்றம் ஏற வேண்டும் என்பதற்காக நம் சாக்குகளைத்தான் முதலில் நிறுப்பார்கள். கீழ் டிவிஷன் பொம்பளைகள் முன்னதாகவே வந்து நின்றாலும் நமக்கு வழி விடுவார்கள். கொழுந்து நேரம் போகப் போக வாடி எடை குறையும் என்று உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முதல் தராசு என்றால் முழு எடை. அது எழுதிய சட்டம் இல்லை. யாரோ ஒரு நாள் இரக்கப்பட்டு விட்டார்கள், அப்படியே வழக்கமாகிவிட்டது. நாம் அதை இரக்கம் என்று நினைப்பதை விட்டுவிட்டோம், நம் உரிமை என்று நினைத்தோம். பிறகு அதுவும் நமக்குப் போதவில்லை.

நீ இரத்தினபுரியில் கோர்ஸ் முடித்து வந்த காலம் அது. கல்யாணமும் முடிந்து, உன் மகள் தவழ ஆரம்பித்திருந்தாள். பெரட்டுக்களத்தில் கூட்டம் போட்டு நீ பேசியது இப்போதும் என் காதில் இருக்கிறது. "உசரத்துல வெளையிற நம்ம கொழுந்துக்கும் அவங்க முத்தல் எலைக்கும் ஒரே வெலையா? நம்ம கொழுந்து, நம்ம தராசு, நம்ம முடிவு. யார்கிட்டயும் கேக்கத் தேவல்ல." சனம் கை தட்டியது. நானும் தட்டினேன். வேலைக்குப் பெயர் போட விடியற்காலையில் வரிசையில் நின்று திட்டு வாங்கின அதே களத்தில் என் மகன் நின்று பேசுகிறான், நானூறு பேர் கேட்டுக்கொண்டிருப்பது போல எனக்கு ஒரு நெஞ்சு நிறைவு. இருந்தது கொஞ்சம் பேர்தான். என் கண்ணுக்கு அப்படித் தெரிந்தது. கொடகவெல பக்கத்து லொறிக்காரன் ஒருவன் நேராக மேலே வந்து அதிக விலைக்கு எடுக்கிறேன் என்று உன்னிடம் சொல்லியிருந்தான். அதையும் சொன்னாய். அத்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. கூட்டம் சூடாகிவிட்டது, உனக்கும் வாய் நிற்கவில்லை. "அவங்க தண்ணி தெளிச்சுச் சாக்கைக் கனமாக்குறாங்க. அது திருட்டுக் கொழுந்து" என்றாய். அது உண்மையா என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. மழை நாளில் எல்லார் சாக்கும்தான் நனைந்திருக்கும். கூட்டத்தின் கடைசியில் தர்ஷினி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் அப்பாவைத்தான் நீ சொல்கிறாய் என்று எல்லாருக்கும் புரிந்தது. வெளியேறலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். நான் தூக்கினேன்.

நம் சனத்தை இலங்கையும் இந்தியாவும் தங்களுக்குள் பேசி, நீ இங்கே, நீ அங்கே என்று பிரித்த காலத்தில் நம்மிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தத் தடவை நம்மைக் கேட்டார்கள். நாமே கை தூக்கிப் பிரிந்தோம். அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். வெளியேறியதில் நல்லது ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சொந்தத் தராசு வாங்கி, அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டினோமே, அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் தலை கொஞ்சம் நிமிர்ந்தது உண்மை. விலையும் முதலில் கூடத்தான் வந்தது. கணக்கு என்றால் ஓடுகிற பொம்பளைப் பிள்ளைகள் தாங்களே எழுதப் பழகினார்கள். ஒருத்தர் சொல்லி நாம் கேட்பது என்பது போய், நாமே பேசி முடிவெடுத்தோம். அந்த ருசி எனக்கும் தெரியும். அதனால்தான் அதை விட முடியாமல் இவ்வளவு நாள் இழுத்தோம்.

ஆனால் நீ இங்கிலாந்துக்குப் போன பிறகு நடந்தது உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். லொறிக்காரன் நம்மை விட்டால் வேறு வழி இல்லாதவர்கள் என்று கண்டுகொண்டான். சாக்குக்குக் கழிவு, தண்ணீருக்குக் கழிவு, முத்தல் இலைக்குக் கழிவு. நீ அவர்கள் மேல் சொன்ன அதே குற்றத்தை அவன் நம் மேல் சொன்னான். எதிர்த்துப் பேசினால், "வேணாம்னா விடுங்க" என்றான். பிறகு இந்தப் பெரிய மழையில் கீழ் மடுவத்துக்கு மேலே இருக்கிற வளைவில் ரோடு சரிந்தது. அவன் லொறி வருவதை நிறுத்திவிட்டது. கீழ் டிவிஷனும் கிராமமும் சேர்ந்து தங்கள் மடுவம் வரைக்கும் ரோட்டைச் சரிப்படுத்திக்கொண்டார்கள். அதற்கு மேலே அவர்களுக்கு என்ன வேலை? நாங்கள் பொம்பளைகள் சாக்கைத் தலையில் சுமந்து அந்த மடுவத்தைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு நடக்கிறோம். போய்ச் சேருவதற்குள் கொழுந்து வெந்து கருத்துவிடுகிறது. எத்தனையோ நாள் அதை ரோட்டோரமே கொட்டிவிட்டு வெறும் சாக்கோடு வந்திருக்கிறோம். உன் மாமனார் மடுவத்து வாசலில் நிற்பார். தன் மகள் தலையில் சாக்கோடு தன்னைத் தாண்டிப் போவதைப் பார்ப்பார்.  அவள் நடையைக் குறைக்க மாட்டாள். நான் அவளுக்குப் பின்னால் நடப்பேன்.

இதையெல்லாம் நான் போனில் சொன்னபோது நீ கேட்டது ஒரே கேள்வி. "இந்தா பெரிய நாடு, இங்கிலாந்தே ஐரோப்பாக் கூட்டுல இருந்து வெளியேறி நிக்குது. திரும்பிப் போய்க் கெஞ்சுதா? நாம மட்டும் ஏன் போகணும்?" என்றாய். உன் அம்மாவுக்கு நாட்டு நடப்பு தெரியாது என்று நினைத்துச் சொன்னாய். தெரியாதுதான். ஆனால் அந்த நாட்டைப் பற்றி இத்தனை நாளாக எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பது யார்? நீதான். நீ சொன்னதையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன், கேள்.

நீ பார்த்துக்கொள்ளும் முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் இருக்கிறார், ஒரு காலத்தில் மீன் பிடித்தவர் என்றாய். கூட்டை விட்டு வெளியேறினால் கடல் முழுக்க நமக்கே என்று நம்பி ஓட்டுப் போட்டாராம். கடல் கிடைத்ததோ இல்லையோ, பிடித்த மீனை வாங்குகிறவர்கள் அக்கரையில்தான் இருந்தார்கள், இப்போது துறைமுகத்தில் ஆயிரம் கடதாசி கேட்கிறார்கள் என்று பேரன் படகை விற்றுவிட்டான் என்றாய். "ஆனாலும் அந்தாளு வருத்தப்படல்லம்மா. எங்க நாட்டுச் சட்டத்தை நாங்கதான் போடணும், அதுக்கு ஒரு வெல இருக்குன்னு சொல்றாரு" என்று நீயே மெச்சிச் சொன்னாய். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். தராசுக்குப் பொட்டு வைத்தவள் நான், அவர் மனசு எனக்குப் புரியும். தன் காலில் நிற்கிறேன் என்பதற்காக ஒரு மனுஷன் நட்டப்படலாம். நாடும் நட்டப்படலாம். ஆனால் நட்டமே இல்லை, லாபம் மட்டும்தான் என்று சொல்லிக் கை தூக்க வைத்தார்களே, அது சரியா? நீயும் நம் சனத்திடம் விலையைச் சொல்லாமல்தானே கேட்டாய்?

இன்னொன்று சொன்னாய். "அவங்க வெளியேறாம இருந்திருந்தா எனக்கு இந்த வேலையே கெடைச்சிருக்காதும்மா" என்றாய். ஐரோப்பாவிலிருந்து வந்து அந்தக் கட்டில்களைப் பார்த்துக்கொண்ட பிள்ளைகள் திரும்பிப் போய்விட்டார்கள், ஆள் இல்லாமல் போனதால் நம் பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள், அப்படித்தான் நீ போனாய். வெளியாட்கள் வேண்டாம் என்று கதவைச் சாத்தின நாடு, கிழவர்களைக் குளிப்பாட்ட ஆள் இல்லாமல் இன்னொரு கதவைத் திறந்தது. பிறகு நம் ஆட்களும் கூடிவிட்டார்கள் என்று, பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்கள் பெண்சாதி பிள்ளையைக் கூட்டிவரக் கூடாது என்று சட்டம் போட்டது. நீ போனதே அந்தச் சட்டத்துக்குப் பிறகுதான். வெளியேறியது உனக்கு லாபம் என்று நீ சொன்னபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது, ராசா. தர்ஷினி அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். உன் மகள் போனைப் பார்த்து அப்பா அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த லாபத்தை எந்தத் தராசில் நிறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

முன்பு வெள்ளைக்காரன் ஆண்ட நாட்டு ஆள் என்பதால் அங்கே உனக்கும் ஓட்டு இருக்கிறது என்று நீ சொன்ன அன்று நான் சிரித்தேன், பிறகு அழுதேன். என் அப்பாவுக்கு அவர் பிறந்த நாட்டிலேயே வெகுகாலம் ஓட்டு இல்லை. உனக்கு இன்னொரு நாட்டில் இருக்கிறது. மறுபடி அப்படி ஒரு ஓட்டு வந்தால் வெளியேதான் நிற்க வேண்டும் என்று போடுவேன் என்கிறாய். போடு. அது உன் ஓட்டு. அந்த நாட்டுக்கு லாபமா நட்டமா என்று படித்தவர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், நான் என்ன தீர்ப்புச் சொல்ல? எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பிரிந்து போனாலும் கொழுந்து அந்த ரோட்டால்தான் போக வேண்டும். மீனும் அந்தக் கடலைத் தாண்டித்தான் போக வேண்டும். முன்பு அந்த ரோட்டைப் பற்றிப் பேச நமக்கு ஒரு வாய் இருந்தது, இப்போது இல்லை. ரோடு மட்டும் இருக்கிறது. பெரிய நாட்டுக்கு இதைத் தாங்கப் பணம் இருக்கலாம், கப்பல் இருக்கலாம். மேல் டிவிஷனிடம் என்ன இருக்கிறது? எங்கள் கழுத்துத்தான்.

உன்னிடம் எனக்கு ஒரு கோபமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். நாம் தனியாக நிற்போம் என்று எல்லாரையும் நிறுத்தி வைத்துவிட்டு நீ விமானம் ஏறிவிட்டாய். குடும்பத்துக்காகத்தான் போனாய், அதில் குற்றம் இல்லை. ஆனால் தலையில் சாக்கு இல்லாதவன் மானத்தைப் பற்றிப் பேசுவது சுலபம். நீ கிளம்பின அன்று வேன் மடுவத்தைத் தாண்டும்போது உன் மாமனார் சட்டை போட்டுக்கொண்டு ரோட்டோரம் நின்றார். வழியனுப்பத்தான் நின்றிருப்பார். அவர் கையைத் தூக்கவில்லை, நீ கண்ணாடியை இறக்கவில்லை. நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் இறக்கு என்று சொல்லவில்லை. அது இன்னும் என்னை அறுக்கிறது.

சரி, ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். மடுவத்தில் கீழ் டிவிஷன் ஆட்கள் இருந்தார்கள், கிராமத்திலிருந்து சோமா அக்காவும் நாலைந்து பேரும் வந்திருந்தார்கள். நான் வாசலிலேயே நின்றேன். சோமா அக்காதான் என் கையைப் பிடித்து, "லஜ்ஜா வென்ன எபா" என்று, வெட்கப்பட வேண்டாம் என்று, பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். ரோடு போனதைச் சொன்னேன், கொழுந்து கருகுவதைச் சொன்னேன், எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு கிழவி, "போறப்ப தராசுக்கு மாலை போட்டுக்கிட்டுப் போனீங்களே" என்றாள்.  கேட்டுக்கொண்டேன்.

உன் மாமனார் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். பிறகு, "சம்பந்தியம்மா, வர்றதுக்கு யாரும் வேணாம்னு சொல்லல்ல. ஆனா முன்ன மாதிரி மொதல் தராசு கெடையாது. புதுசா சேர்றவங்க கடைசியிலதான் நிக்கணும். கமிட்டியிலயும் கொஞ்ச காலத்துக்கு ஒங்க ஆள் இருக்க முடியாது. ரோடு போடுறப்ப மேல வளைவையும் சேத்துப் போட்டுரலாம்" என்றார். எங்கள் பொம்பளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் சரி என்றேன். பழைய இடம் அப்படியே காலியாக இருக்கும், எப்போது வேண்டுமானாலும் போய் உட்காரலாம் என்றுதான் இத்தனை நாளும் மனசின் ஒரு மூலையில் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு அங்கேயே போனது.

எழுந்திருக்கப் போனேன். "இன்னொன்னு இருக்கு" என்றார்.  "திருட்டுக் கொழுந்துன்னு மருமகன் சொன்னாரு. வெலைய பத்தி என்ன வேணும்னாலும் பேசட்டும். ஆனா அந்தப் பேச்சு இன்னும் இங்க கெடக்கு. எங்க சனம் அத மறக்கல்ல. அவர் அத திருப்பி எடுக்கணும்." நான் உடனே, என் மகனுக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று கையெடுத்தேன். அவர் பதறிப்போய் எழுந்து நின்றுவிட்டார். "நீங்க கைய எறக்குங்க சம்பந்தியம்மா. நீங்க சொல்லி என்னா ஆவப் போவுது? சொன்னவர் சொல்லணும்."

ஏறி வரும்போது தர்ஷினி எனக்கு முன்னால் நடந்தாள். லயத்து வாசலுக்கு வந்த பிறகுதான், "மாமி, அவர் சொல்லுவாரா?" என்று கேட்டாள். அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். 

நீ தோற்றுவிட்டாய் என்று நான் சொல்லவில்லை, மகனே. வெளியேறினால் நல்லது என்று நினைத்தாய், நினைக்கலாம். இன்னும் அப்படியே நினைக்கிறாய் என்றால் அதையும் நினை. யாரும் உன் நினைப்பைக் கேட்கவில்லை. திருட்டு என்ற அந்த ஒரு வார்த்தையைத் திருப்பி எடுக்கத்தான் கேட்கிறார்கள். நாடுகள் பிரிந்தால் அவற்றுக்கு மந்திரிமார் இருக்கிறார்கள், வருஷக்கணக்காக மேசையில் உட்கார்ந்து பேசுவார்கள். நமக்கு நீதான் இருக்கிறாய்.

வருகிற சனிக்கிழமை காலை நிறுவைக்கு நாங்கள் எல்லாரும் சாக்குகளோடு கீழே இறங்குகிறோம். தர்ஷினி உனக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அவள் அப்பாவுக்கு முன்னால் தராசு மேசையில் வைப்பாள். அங்கே உனக்கு அது விடிகிற நேரமாக இருக்கும், ராத்திரி வேலை முடிந்து களைத்துப் போயிருப்பாய். கோபத்தோடு இருந்தாலும் எடு. நீ எடுக்காவிட்டால் அதே சாக்குகளைத் தூக்கிக்கொண்டு நாங்கள் மறுபடியும் மேலே ஏறுவோம். தன் அப்பா பார்த்துக்கொண்டிருக்க தர்ஷினி முன்னால் ஏறுவாள், நான் அவளுக்குப் பின்னால்.

உன் அம்மா